கிணற்றுக்கு முன்னால் ஒரு பெயர்

நாங்கள் தண்ணீர் கேட்டோம். அவர்கள் ஆங்கிலம் தந்தார்கள்.

குறை சொல்லவில்லை. சும்மா தருகிறவர்களிடம் இதைத் தாருங்கள், அதைத் தாருங்கள் என்று கேட்பது மரியாதை இல்லை. அந்தத் தொண்டு நிறுவனத்துக்கு அந்த வருஷம் அறிவு வருஷமாம். தண்ணீர் வருஷம் அதற்கு அடுத்தது. தண்ணீர் வருஷத்தில் தண்ணீர் கேட்பதென்றால் விண்ணப்பத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆகவே இந்த வருஷம் ஆங்கிலம் படித்துக்கொண்டால் அடுத்த வருஷம் அந்த ஆங்கிலத்தில் தண்ணீர் கேட்கலாம். இவ்வளவு ஒழுங்காக யோசித்தவர்கள் ஒரு நாளாவது தாகத்தோடு இருந்து பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

நாங்கள் என்றால், கடல்நீர் உள்ளே வந்து நிற்கிற களப்பு ஓரத்தில் முத்தலிபு ஹாஜியாரின் உப்பளத்தில் உப்பு வாருகிற அறுபத்திரண்டு குடும்பங்கள். மதுரங்குளியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மேற்கே வெயில் எங்கே அதிகமாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் நடந்தால் எங்களிடம் வந்து சேரலாம். உப்பளத்துக்குப் பின்னால் ஒரு மணல் மேடு. அதில்தான் குடியிருப்பு. எங்கே தோண்டினாலும் உவர்தான். மேட்டின் நடுவில் இருக்கிற ஒரேயொரு கிணற்றில் மட்டும் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர். கப்பி, கயிறு, வாளி. அப்போது வேறு வசதி கிடையாது.

என் மனைவி சித்தி மரியத்துக்கு வயிற்றில் ஒப்பரேஷன் செய்த பிறகு, பாரம் தூக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து காலையில் ஐந்து கேன், மாலையில் அஸர்த் தொழுகைக்குப் பிறகு ஆறு கேன் நான்தான் அள்ளி வந்தேன். பகல் முழுக்க உப்பு வாரிய தோள் பின்னேரம் கயிறு இழுக்க மாட்டேன் என்று சொல்லும். எனக்கு ஐம்பத்தொரு வயது. அந்தத் தோளைக் கொடுத்து வேறு ஒன்று வாங்க முடியாது. அதனால் சமாதானம் சொல்லிச் சொல்லி இழுப்பேன். ஒரு மோட்டர், ஒரு தண்ணீர்த் தாங்கி, இரண்டு குழாய். இது கிடைத்தால் போதும். என் தோளுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இல்லை.

அதற்காகத்தான் வெள்ளிக்கிழமைகளில் ஜும்மாவுக்குப் பிறகு மத்ரஸா மண்டபத்தில் போய் உட்கார்ந்தேன். தமிழ் எழுத்தே எனக்கு நாற்பது தாண்டித்தான் கைக்கு வந்தது. ஆங்கில எழுத்து இன்னும் வழுக்குகிறது. படிப்பிக்க வந்தவர் கனமூலையிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற நஸ்ஹா டீச்சர். என் மூத்த மகளின் வயதுதான் இருக்கும். ஆனாலும் எங்களை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். முதல் வாரம் பதினேழு பேர் வந்தார்கள். இரண்டாம் வாரம் ஆறு பேர். மூன்றாம் வாரத்திலிருந்து நானும், பக்கத்துப் பாத்தி இஸ்ஹாக்கும், இஸ்ஹாக்கின் நித்திரையும்.

ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் கரும்பலகையில் ஒரு வசனம் எழுதினார். வாசித்தும் காட்டினார்.

"முத்தலிப்ஸ் லொறி இஸ் பிக். முத்தலிபுட லொறி பெரிசு. இதில எழுவாய் எது?"

"ஹாஜியார்தான்," என்றான் இஸ்ஹாக், கண்ணைத் திறக்காமலே. எங்கள் பக்கத்தில் எந்தக் கேள்விக்கும் இந்தப் பதில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

"இல்ல நானா. லொறிதான் எழுவாய். பெரிசு எண்டு செல்றது லொறியைத்தானே? எந்த லொறி எண்டு காட்டுறதுக்குத்தான் ஹாஜியார் முன்னுக்கு சும்மா நிக்கிறார்."

இஸ்ஹாக் இரண்டு கண்ணையும் திறந்தான்.

"ஹாஜியார் சும்மா நிக்கிறாரா? டீச்சர், அத இன்னொருக்காச் செல்லுங்க."

டீச்சர் சிரித்துவிட்டு அடுத்த வசனத்தை எழுதினார். முத்தலிப்ஸ் வேர்க்கர்ஸ் ஆர் டயர்ட். முத்தலிபுடைய வேலைக்காரர்கள் களைத்திருக்கிறார்கள்.

"இங்க ஏன் இஸ் போடாம ஆர் போட்டிரிக்கி? முத்தலிபு ஒராள்தானே?"

எனக்குத் தெரியவில்லை. களைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"வேர்க்கர்ஸ் கனபேர். வினைச்சொல் அவங்களப் பாத்துத்தான் மாறும். முன்னுக்கு நிக்கிற ஆளப் பாத்து மாறாது."

நான் அந்த வசனத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தேழு வருஷமாக அந்த உப்பளத்தில் எல்லாமே ஹாஜியாரைப் பார்த்துத்தான் மாறும். அவர் வந்தால் வேலை ஆரம்பிக்கும், அவர் முகம் சுளித்தால் லீவு ரத்தாகும், அவருக்குக் கலியாண வீடென்றால் எங்களுக்குச் சம்பளம் பிந்தும். ஆங்கிலத்தில் மட்டும் ஒரு சின்னச் சொல் அவரைத் தாண்டி வந்து, நீங்கள் எத்தனை பேர் என்று எங்களைக் கேட்கிறது. வெள்ளைக்காரன் இங்கிருந்து எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றியபோது எடுத்துப் போக மறந்த ஒரு நியாயம் இது என்று நினைத்துக்கொண்டேன்.

"டீச்சர்," என்றான் இஸ்ஹாக். "முத்தலிபுட லொறிட டிரைவர்ட பொண்சாதிட தங்கச்சி எண்டு வந்தா ஆரு எழுவாய்?"

"தங்கச்சி."

"முன்னுக்கு இத்தன பேர் நிண்டாலும்?"

"எத்தன பேர் நிண்டாலும் கடைசில நிக்கிறதுதான் நானா."

"அப்ப கிணத்தடி லைனுக்கு நேர்மாறு," என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான். அவன் அந்த வருஷம் படித்தது அவ்வளவுதான். அதற்கே சந்தோஷமாக இருந்தான்.

தண்ணீர் வருஷம் பிறந்தது. விண்ணப்பத்தை நான் எழுதினேன். நாலு வெள்ளிக்கிழமை பிடித்தது. ஒன்பது வசனம். முதல் வசனம்தான் எனக்குப் பெருமை. றஹ்மத் உம்மாஸ் வெல் கிவ்ஸ் வோட்டர் டு சிக்ஸ்டி டூ ஃபெமிலீஸ். றஹ்மத் உம்மாவின் கிணறு அறுபத்திரண்டு குடும்பங்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. கிணறு ஒன்றுதான், அதனால் கிவ். அதற்குப் பின்னால் ஒரு ஸ். யாரும் உதவி செய்யாமல் அந்த ஸ்ஸை நானே போட்டேன்.

"ஒரு பிழையும் இல்ல நானா," என்று டீச்சர் சிவப்புப் பேனையால் சரி போட்டார்.

ஆங்கிலத்தில் பிழை இல்லை என்பது உண்மைதான்.

இந்த இடத்தில் எங்கள் உப்பளத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பாத்தியை யார் வாருகிறானோ அவன் பெயரால்தான் பாத்தியை அழைப்போம். இஸ்ஹாக்ட பாத்தி, நௌஃபர்ட பாத்தி என்று. நௌஃபர் நான்தான். ஹாஜியாரே வரம்பில் நின்றுகொண்டு, "நௌஃபர்ட பாத்தில தண்ணி கூடிட்டு, மடையத் தொறங்க," என்று சத்தம் போடுவார். அப்படிச் சொல்வதில் அவருக்கு ஒரு பயமும் இல்லை. காணி உறுதிப் பத்திரம் அவருடைய அலுமாரிக்குள் இருக்கிறது. அது அங்கே இருக்கும்வரை பெயரை எங்களுக்குத் தாராளமாகத் தருவார். சம்பளத்தைப் பற்றிக் கதைத்தால்தான் அவருக்குத் தலையிடி வரும்.

கிணறும் அப்படித்தான். றஹ்மத் உம்மா அதைத் தோண்டவில்லை. மௌத்தாகி மண்ணுக்குள் போன அவருடைய புருஷனும் தோண்டவில்லை. ஆனால் சுபஹுத் தொழுகை முடிந்ததும் கிணற்றடிக்கு வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தாரென்றால் நடுப்பகல் லுஹருக்குத்தான் எழும்புவார். திரும்பவும் பின்னேரம் வருவார். உப்பளத்துக்குப் போகிறவர்கள் முதலில் அள்ள வேண்டும், அதற்குப் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீடுகள், கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் சவர்க்காரம் கூடாது, ஒரு முறைக்கு இரண்டு கேனுக்கு மேல் கூடாது. மீறினால் ஏசுவார். மீறினவனில் ஆரம்பித்து அவனுடைய வாப்பாவுக்குப் போய், அங்கிருந்து வாப்பாவின் வாப்பாவுக்கும் போவார். அவருடைய வாய்க்குப் பயந்துதான் அந்தக் கிணறு கோடையிலும் வற்றாமல் இருந்தது என்று இஸ்ஹாக் சொல்வான். ஆகவே அது றஹ்மத் உம்மாட கிணறு. அறுபத்திரண்டு குடும்பத்தில் ஒருவருக்கும் அதில் சந்தேகம் இல்லை. அது அவருடைய சொத்து என்று ஒருவரும் நம்பவும் இல்லை. கனமூலையில் வீட்டுக்கு ஒரு கிணறு வைத்திருக்கிறவர்களின் பிள்ளையான நஸ்ஹா டீச்சருக்கு இது எப்படித் தெரியும்?

ஏழு வாரம் கழித்து ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து இந்துஜன் என்கிற உத்தியோகத்தர் இறங்கினார். உடப்பைச் சேர்ந்தவர், நல்ல மரியாதையான மனிதர். கையில் ஒரு டெப்லட். கிணற்றைப் படம் எடுத்தார், கப்பியைப் படம் எடுத்தார், தண்ணீர் அள்ளுகிற என்னையும் படம் எடுத்தார். பிறகு கேட்டார்:

"இதில றஹ்மத் உம்மா எண்டு இருக்கிறது யாரு?"

எல்லாரும் கல்லைப் பார்த்தோம். கல்லில் இருந்தவர் எங்களைப் பார்த்தார்.

"நீங்களா அம்மா கிணத்துச் சொந்தக்காரி?"

"ஆரு சென்ன?"

"கடிதத்தில எழுதியிருக்கு. இது உங்கட கிணறு எண்டு."

அவர் விளக்கினார். தனியாருடைய கிணற்றுக்கு நிறுவனம் மோட்டர் கொடுக்காதாம். சொந்தக்காரர் கிணற்றைப் பொதுவுக்கு விட்டுத் தருகிறேன் என்று படிவத்தில் ஒப்பம் வைக்க வேண்டுமாம். வைத்தால் ஒரு மாதத்தில் மோட்டர் வரும், தாங்கி வரும், குழாய் வரும்.

நான் செய்த வேலை எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவசரமாக முன்னுக்கு வந்தேன்.

"சேர், அது நாங்க பேருக்குச் செல்றது. கிணறு ஒருத்தர்டயும் இல்ல."

"ஒருத்தர்டயும் இல்லையெண்டா காணிச் சொந்தக்காரர் ஒப்பம் வைக்க வேணும். காணி யாருட?"

இஸ்ஹாக் என் காலை மிதித்தான். சின்ன மிதி அல்ல. உப்பு வாருகிற சப்பாத்தோடு மிதித்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறு ஒரு கூட்டம் வந்து எங்களுக்குத் தண்ணீர் வடிகட்டுகிற மெஷின் ஒன்று தந்தது. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஹாஜியார் அதைத் தன் பங்களாவுக்குள் வைத்தார். இன்றுவரை அது மிகவும் பாதுகாப்பாக இருக்கிறது. நாங்கள் ஒருவரும் பார்த்ததுகூட இல்லை. ஹாஜியாரின் ஒப்பம் விழுந்தால் மோட்டரும் எந்தப் பக்கம் போகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"நான்தான்," என்றது ஒரு குரல்.

றஹ்மத் உம்மா கல்லிலிருந்து எழும்பி நின்றார்.

"என்ட கிணறுதான் சேர். இந்தப் பொடியன் ஒளறுறான்."

"அப்ப நல்லது அம்மா. இந்த இடத்தில விரல வையுங்க."

"இப்ப ஏலாது," என்றார் றஹ்மத் உம்மா. "யோசிக்கணும்."

இந்துஜன் திகதியைப் பார்த்தார். அடுத்த வாரத்துக்கு மற்ற வாரம், வியாழக்கிழமை திரும்ப வருவதாகவும் அதுதான் கடைசி நாள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஜீப்பின் புழுதி அடங்குவதற்குள் றஹ்மத் உம்மா என்னைக் கூப்பிட்டார்.

"நௌஃபர், அதில என்ட பேர் எங்க இரிக்கி?"

"முன்னுக்கு."

"எல்லாத்துக்கும் முன்னுக்கா?"

"ஓம். எல்லாத்துக்கும் முன்னுக்குத்தான்."

"பெரிய எழுத்தா?"

"முதலெழுத்து பெரிசு."

"கிணறு?"

"அது பின்னால. சின்ன எழுத்து."

"அப்பிடித்தான் இரிக்கணும்," என்றார்.

வசனத்தில் வேலை செய்வது கிணறுதான், நீங்கள் எந்தக் கிணறு என்று காட்டுவதற்கு முன்னால் சும்மா நிற்கிறீர்கள் என்கிற இலக்கணத்தை நான் அவருக்குச் சொல்லவில்லை. எனக்கு என் தோள் முக்கியம்.

அடுத்த நாள் காலையில் கிணற்றடியில் கல்லுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் கதிரை இருந்தது. அதில் றஹ்மத் உம்மா, பெருநாளைக்குக் கட்டுகிற சாரியோடு. நான் வழமைபோல் பயந்து பயந்து இரண்டு கேனோடு போனேன்.

"வா மகன், வா. நல்லா அள்ளு. இன்னும் ரெண்டு கேன் வேணுமெண்டா அள்ளு. வெக்கப்படாத."

நான் வாளியைக் கிணற்றுக்குள் தவறவிட்டேன். அதற்கும் அவர் ஏசவில்லை. "போனாப் போகுது, வாளிதானே," என்றார்.

சொந்தக்காரியான பிறகு றஹ்மத் உம்மா ஏசுவதை விட்டுவிட்டார். அவ்வளவு காலமும் காவல் காத்தவர் இப்போது வீட்டுக்கு விருந்தாளி வந்தது மாதிரி எல்லாரையும் வரவேற்றார். யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. சொந்தக்காரர் என்றால் தாராளமாக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். பாவம், அவருக்குச் சொந்தக்காரர்களோடு பழக்கம் போதாது.

மூன்றாம் நாளிலேயே லைன் இல்லாமல் போனது. ஒருவர் பத்துக் கேன் எடுத்தார். இன்னொருவர் கிணற்றுக் கட்டிலேயே உடுப்புத் துவைத்தார். யாரோ மோட்டர் சைக்கிளைக் கொண்டுவந்து கழுவினார்கள். "கழுவட்டும், கழுவட்டும்," என்று கதிரையிலிருந்து சிரித்தார் றஹ்மத் உம்மா. ஐந்தாம் நாள் அஸருக்குப் பிறகு நான் போனபோது வாளியில் பாதி சேறு வந்தது. ஊறும்வரை, சூரியன் விழுந்து மஃரிப் தாண்டியும் காத்திருந்து அள்ளினேன். உப்பு வாரிய தோளால் சேறு இழுப்பது புது அனுபவம்.

ஆறாம் நாள் நானும் இஸ்ஹாக்கும் அவரிடம் போனோம். தன் மகளின் வீட்டுப் பின்பக்கக் கோடியில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தின் போட்டோப் பிரதி ஒன்று அவருடைய மடியில் இருந்தது. மதுரங்குளிக்கு ஆள் அனுப்பி அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்.

"உம்மா, அந்த விரல வெச்சிருங்களன்," என்றேன். "மரியத்தால தூக்க ஏலாது. என்னாலயும் இனி ஏலாது."

அவர் பிளாஸ்டிக் உறையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"நௌஃபர், நான் பொறந்தது வாப்பாட வீடு. கலியாணம் முடிச்சி வந்தது ஹாஜியார்ட லைன் வீடு. கைக்கும் கழுத்துக்கும் இருந்தத மகளுக்குப் போட்டுக் குடுத்தன். இப்ப இரிக்கிறது மருமகன்ட வீடு. மருமகன்ட ஃபேன். அந்த ஃபேனப் போடுறதுக்கும் அவன்ட மொகத்தப் பாக்கணும். எழுவது வயசுக்குப் பொறகு எனக்கு இங்கிலீசில ஒரு கிணறு வந்திரிக்கி. வந்து ஒரு கிழம ஆகல்ல. அதுக்குள்ள விட்டுக் குடு எண்டு செல்றியே, ஒனக்கு நெஞ்சில ஈரமே இல்லையா?"

"ஈரம் இல்லாமத்தான் உம்மா மோட்டர் கேக்குறம்," என்றான் இஸ்ஹாக்.

"நீ வாயப் பொத்து."

அவர் ஏசியது எங்கள் இருவருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அதற்கு மேல் ஏசவில்லை. "ஒரு மாசமாவது வெச்சிருந்திட்டுத் தாறன்," என்றார்.

"வியாழக்கெழமையோட முடியிது உம்மா."

"அப்ப வியாழக்கெழம பாப்பம்."

வீட்டுக்கு வந்து சித்தி மரியத்திடம் சொன்னேன். அவள் அரிசியைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர்க் கேனைப் பார்த்தாள். அடியில் இரண்டு விரல் சேறு.

"ஒரு கெழவியக் கதைச்சிச் சம்மதிக்க வெக்க ஏலாது. இவரு இங்கிலீசு படிச்சாராம்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை அம்ஜத் வந்தான். அவன் ஹாஜியாரின் மேற்பார்வைக்காரன். குடையோடுதான் வருவான். வெயில் வேலைக்காரர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது என்பது அவனுடைய கொள்கை.

"ஹாஜியார் கேக்கச் சென்னார், கிணத்த அவர் எப்ப, எவ்வளவுக்கு வித்தாரெண்டு," என்றான். "அவருக்கு மறதியாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் மட்டும் சிரித்தான்.

"வியாழக்கெழம உறுதியோட நான் வருவன். ஹாஜியார் ஒப்பம் வெச்சித் தருவார். அவர் மனசு பெரிசு. மோட்டரும் தாங்கியும் பங்களாவுக்குள்ள இருந்தாத்தான் பாதுகாப்பு. உங்களுக்குத் தண்ணி வேணுமெண்டா வந்து எடுக்கலாம்."

"எப்ப?" என்று கேட்டேன்.

"கேட் தொறந்திரிக்கிற நேரம்."

அந்தக் கேட் எப்போது திறந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஹாஜியாரின் வாகனம் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும். கேன்களோடு வாகனத்துக்குப் பின்னால் ஓடப் பழக வேண்டும்.

வியாழக்கிழமை ஜீப் வருவதற்கு முன்பே குடியிருப்பு முழுக்கக் கிணற்றடிக்கு வந்துவிட்டது. கதிரையில் றஹ்மத் உம்மா. குடைக்குக் கீழே அம்ஜத், கையில் பிளாஸ்டிக் கோப்பு. இந்துஜன் இறங்கியதும் அவன்தான் முதலில் போய் உறுதியை நீட்டினான். இந்துஜன் நின்ற இடத்திலேயே ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். நேரம் எடுத்தார். என் தோள் வலி கழுத்துவரை ஏறியது.

"இது சரியான உறுதிதான்," என்றார். "காணி ஹாஜியார்டதான்."

அம்ஜத் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினான், மரியாதையாக.

"ஆனா என்ட போமில, இந்தப் படிவத்தில, சொந்தக்காரி றஹ்மத் உம்மா எண்டுதான் இருக்கு. கொழும்பில அந்தப் பேருக்குத்தான் அனுமதி குடுத்திருக்கு. பேர மாத்துறதெண்டா புது விண்ணப்பம் போட வேணும்."

"போட்டாப் போச்சி. இப்பவே எழுதித் தாறன்."

"இந்த வருஷம் முடிஞ்சிது. அடுத்த வருஷம்தான் போடலாம். அடுத்த வருஷம் மரம் நடுற வருஷம்."

கூட்டம் இதை மெல்ல விளங்கிக்கொண்டது. உண்மையான உறுதி வைத்திருக்கிறவரால் ஒன்றும் செய்ய முடியாது. என் ஒன்பது வசனத்தில் முதலாவதில் பெயர் வந்துவிட்டவரால் மட்டும்தான் முடியும். அரசாங்கமும் நீதிமன்றமும் சேர்ந்து செய்ய முடியாத காரியத்தை ஒரு படிவம் செய்துகொண்டிருந்தது. அதுவும் அன்று ஜீப் திரும்பிப் போகும்வரைக்கும்தான்.

எல்லாரும் கதிரையைப் பார்த்தார்கள். றஹ்மத் உம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைக்கமாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. மருமகனின் ஃபேனுக்குக் கீழே வியர்த்துக்கொண்டு இருக்கிறவரிடம் போய், உன்னிடம் இருக்கிற ஒன்றையும் கொடு என்று எப்படிச் சொல்வது? ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை நாக்கு எழவில்லை.

அம்ஜத்தான் பொறுக்க முடியாமல் கதைத்தான்.

"சேர், இது என்ன பைத்தியக்கார வேல? இந்தக் கெழவிக்கு ஏது கிணறு? இவங்க வாய்க்கு வந்தபடி பேர் வெப்பாங்க. பேர் வெச்சாச் சொத்தாகுமா? அப்பிடியெண்டா இஸ்ஹாக்ட பாத்தி இஸ்ஹாக்டயா? டேய் இஸ்ஹாக், செல்லு, ஒன்டயா?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற இஸ்ஹாக் நிலத்தைப் பார்த்தான். அவனுக்கு நாளைக்கும் வேலை இருக்க வேண்டும்.

றஹ்மத் உம்மா எழும்பினார். அம்ஜத்திடம் போகாமல் இந்துஜனிடம் போனார்.

"சேர், ஒரு கேள்வி. தன்ட இல்லாத சாமான ஒருத்தர் குடுக்க ஏலுமா?"

"ஏலாது அம்மா."

"அப்ப நான் குடுத்தா, அது என்டதானே?"

இந்துஜன் படிவத்தைப் பார்த்தார், உறுதியைப் பார்த்தார், மறுபடியும் படிவத்தைப் பார்த்தார். உத்தியோகம் பார்க்கிற மனிதருக்கு இது கஷ்டமான கேள்வி.

"போமின்படி... ஓம் அம்மா."

"சத்தமாச் செல்லுங்க. இவனுக்குக் காது கேக்காது."

"இந்தப் போமின்படி கிணறு உங்கடதான் அம்மா!"

குடைக்குக் கீழே இருந்தவனுக்கும் கேட்டது. றஹ்மத் உம்மா அவன் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா? ஒன்ட ஹாஜியார் அலுமாரிக்குள்ள உறுதி வெச்சிரிக்கிறார். அவரால இந்த சனத்துக்கு ஒரு வாளி குடுக்க முடிஞ்சிதா? நான் கிணத்தயே குடுக்கிறன். போய்ச் செல்லு." பிறகு கையை நீட்டினார். "சேர், எந்த வெரல்?"

இடது பெருவிரல். அவர் அதை மையில் நன்றாக அழுத்தி, படிவத்தில் வைத்து, எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். இந்துஜன் மெதுவாக, "போதும் அம்மா," என்றார்.

விரலைத் துடைக்கத் துணி தேடியவர் கிணற்றுப் பக்கம் திரும்பினார். அங்கே ஒருவன் கிணற்றுக் கட்டின்மேல் நின்று காலைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஆருடா அது? எறங்குடா கீழ! ஒன்ட வாப்பாவும் இப்பிடித்தான், தண்ணியக் கண்டாக் காலத்தான் வெப்பான். ஒன்ட வாப்பாட வாப்பா அதுக்கு மேல..."

ஐந்து நிமிஷத்தில் லைன் நேரானது. பொதுக் கிணறு என்றால் கண்டிப்பாக இருக்க வேண்டும்தானே.

ஹாஜியார் வழக்குப் போடவில்லை. வழக்குப் போடுவதென்றால் இருபத்தேழு வருஷமாக எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அதற்குப் பதிலாகத் திறப்பு விழாவுக்கு வெள்ளை ஜிப்பாவோடு வந்து நாடா வெட்டினார், கிணற்றடியில் ஒரு துஆவும் ஓதுவித்தார். றஹ்மத் உம்மாவைப் படத்துக்குக் கூப்பிட்டார்கள். மோட்டர் சத்தம் தலையை இடிக்கிறது என்று சொல்லி அவர் வரவில்லை. சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். அதில் நாலு பேரின் பெயர் இருக்கிறது. அந்த நாலு பேரில் ஒருவரும் இந்தத் தண்ணீரைக் குடித்ததில்லை.

அன்று அஸருக்குப் பிறகு ஆறு கேனையும் கொண்டுபோனேன். இரண்டு கேனாக மூன்று முறை லைனில் நின்றேன், குழாயைத் திறந்தேன், நிரம்பின. ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். எல்லாம் சேர்த்துக் கால் மணித்தியாலம். வைத்துவிட்டுக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அந்த நேரத்தில் வீட்டில் நின்று எனக்குப் பழக்கமில்லை. எங்கே உட்கார்வது என்றுகூடத் தெரியவில்லை.

"முடிஞ்சிதா?" என்றாள் சித்தி மரியம்.

"முடிஞ்சிது."

"ஆறு கேனுமா?"

"ஆறும்."

அவள் வெளியே எட்டி வெயிலைப் பார்த்தாள். மஃரிபுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.

"அப்ப சும்மாதானே நிக்கிறீங்க. அந்தக் கூரத் தகரத்த ஒருக்கா ஏறிப் பாருங்களன், மழைக்கு முன்ன."

நான் பாயை விரித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். நித்திரை வரவில்லை. ஆனாலும் திறக்கவில்லை.